வெடிமருந்து அளக்கும் கருவியும் கட்டுரையில் நேர்ந்த பிழையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் துப்பாக்கி சுடும் விளையாட்டைப் பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். இளம் வயதில் பிரெஞ்சு ராணுவத்தில் சேர்ந்து, புதுச்சேரிக்காரர்கள் இன்றும் 'சொல்தா' என்று சொல்லும் கூட்டத்தில் ஒருவனாகி, ஓய்வுக்குப் பிறகும் சில காலம் தென் பிரான்சிலேயே இருந்தவன் நான். அங்கே உரிமம் பெற்று ஒரு சுடுதளச் சங்கத்தில் சேர்ந்து, சுட்டு முடித்த பித்தளைத் தோட்டாக் கூடுகளில் மீண்டும் வெடிமருந்து நிரப்பிப் பல ஆண்டுகள் பயன்படுத்தியிருக்கிறேன். அந்தப் பழக்கத்தில்தான் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

முதலில் ஒரு பிழையைச் சுட்ட வேண்டும். ரைபிள் தோட்டா ஒன்றுக்கு '45 கிராம்' மருந்து தேவைப்படும் என்று கட்டுரையில் அச்சாகியிருக்கிறது. அது 45 கிரெயின் என்றிருக்க வேண்டும். ஒரு கிராமில் 15.43 கிரெயின் அடங்கும். ஆகவே 45 கிரெயின் என்பது மூன்று கிராமுக்கும் சற்றுக் குறைவு. நம் ஊர்ப் பொற்கொல்லரின் கணக்கில் சொன்னால், ஒரு கிரெயின் என்பது குன்றிமணி எடையில் ஏறத்தாழப் பாதி. 45 கிராம் மருந்து அந்தக் கூட்டுக்குள் அடங்கவே அடங்காது என்பதால் இந்தப் பிழையால் யாருக்கும் கை போகாது என்றாலும், இவ்வளவு சிறிய எடைகள் புழங்கும் ஒரு வேலையைப் பற்றி எழுதும்போது அலகை மாற்றி அச்சிடலாகாது.

ஒலிம்பிக் வீரர்கள் தங்கள் தோட்டாவுக்குத் தாங்களே மருந்து அளந்து கொள்கிறார்கள் என்ற செய்தியும் சரியன்று. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வென்ற 50 மீட்டர் ரைபிள் போட்டியில் சுடப்படுவது பாயின்ட் டூ டூ (.22) எனப்படும் சிறு தோட்டா. அதன் பற்றவைக்கும் மருந்து கூட்டின் விளிம்புக்குள்ளேயே இருப்பதால், ஒருமுறை சுட்டால் அந்தக் கூடு குப்பைக்குத்தான். 10 மீட்டர் போட்டியிலோ காற்றுத் துப்பாக்கிதான், மருந்துக்கே வேலையில்லை. மறுநிரப்பு பயன்படுவது கூட்டின் அடியில் நடுவே ப்ரைமர் என்ற பற்றவைக்கும் குமிழ் பொருத்திய பெரிய தோட்டாக்களுக்கு; அவற்றால் சுடும் 300 மீட்டர் ரைபிள் போட்டி ஒலிம்பிக்கில் 1972 மியூனிக்கோடு நின்றுவிட்டது.

இனி, நான் எழுத வந்த விஷயத்துக்கு வருகிறேன். மருந்து அளக்கும் கருவிகளில் விலை உயர்ந்த மின்னணுக் கருவியை வாங்கினால் துல்லியம் தானாக வந்துவிடும் என்று கட்டுரையாளர் முடித்திருக்கிறார். என் அனுபவத்தில், எந்த மருந்தை அளக்கப் போகிறோம் என்று தெரியாமல் கருவியின் விலையைப் பேசுவதில் பொருளில்லை.

சிறு வயதில் பாகூரில் எங்கள் வீட்டுத் திண்ணையில் அம்மா தானியம் அளப்பதைப் பார்த்திருக்கிறேன். கேழ்வரகைப் படியில் கொட்டித் தலை தட்டினால் பத்துப் படியும் ஒரே மாதிரி இருக்கும். நெல் அப்படியன்று, மெல்லக் கொட்டினால் ஒரு அளவு, குலுக்கிக் கொட்டினால் ஒரு பிடி கூடுதல். 'குலுக்காமல் அள' என்று அளக்கும் ஆளிடம் அம்மா அதட்டுவதன் காரணம் எனக்குப் பிரான்சில்தான் முழுமையாக விளங்கியது. கைப்பிடி வைத்த சாதாரண மருந்தளவைக் கருவியும் ஒரு படிதான். மேலே மருந்து நிற்கும் குடுவை, நடுவில் குழியுள்ள ஓர் உருளை, கீழே ஒரு குழாய். கைப்பிடியை ஒருபுறம் திருப்பினால் குழி நிறையும். மறுபுறம் திருப்பினால் குழியில் உள்ளது கூட்டுக்குள் விழும். கருவி அளப்பது கொள்ளளவை. நமக்கு வேண்டியதோ எடை.

புகையில்லா ரைபிள் மருந்தில் உருண்டை மணிகளாக வருவதும் உண்டு, நறுக்கிய சேமியா போலக் குச்சிகளாக வருவதும் உண்டு. உருண்டை மருந்து கேழ்வரகுச் சாதி. இருப்பதில் மலிவான கருவியில் அளந்தாலும் பத்தில் ஒரு கிரெயினுக்குள் நிற்கும். அதற்குக் கூடுதல் பணம் செலவழிப்பது வீண். நான் பெரும்பாலும் பயன்படுத்தியது பிரான்சில் வெக்டான் என்ற வணிகப் பெயரில் வந்த 'டூபால்' வகை. அது குச்சி மருந்து. உருளை திரும்பும்போது அதன் விளிம்பில் குச்சி மாட்டினால் கைப்பிடி நடுவழியில் முரண்டு பிடிக்கும். சற்று அழுத்தினால் குச்சி நறுக்கென்று வெட்டுப்படுவது கைக்குத் தெரியும். வெட்டுப்பட்ட அந்தச் சுற்றின் அளவை நம்ப முடியாது. குடுவையில் திருப்பிக் கொட்டிவிட்டு மறுபடி அளக்க வேண்டும்.

இதைவிட மோசமானது, குச்சிகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு குழாயில் பாலம் போட்டு நிற்பது. அரிசி ஆலையில் நெல் இறங்காமல் நின்றால் பையன் ஒருவன் கட்டையால் தட்டுவானே, அதே கதைதான். தொடக்க காலத்தில் எனக்கே இது நேர்ந்தது. துளைப் பலகையில் இருபது கூடுகளை நிறுத்தி, பேச்சு சுவாரசியத்தில் ஒவ்வொன்றாக நிரப்பிக்கொண்டே போனேன். பன்னிரண்டாவது கூட்டில் மருந்து கழுத்துக்கு மேல் வழிந்து மேசையில் சிதறியது. டார்ச் விளக்கை அடித்துப் பார்த்தால் பதினோராவது கூட்டில் பாதிதான் இருந்தது. மீதி குழாயில் நின்று அடுத்ததோடு சேர்ந்து இறங்கியிருக்கிறது. இருபதையும் கொட்டிவிட்டு முதலிலிருந்து தொடங்கினேன். அன்றிலிருந்து, குண்டு பொருத்துமுன் பலகை முழுவதையும் விளக்கொளியில் பார்க்காமல் விட்டதில்லை.

ஆகவே குச்சி மருந்து பயன்படுத்துபவர் கருவி வாங்கும்போது பார்க்க வேண்டியவை வேறு. குழாய் அகலமாக இருக்க வேண்டும். மேலே மருந்து ஏறினாலும் இறங்கினாலும் உருளையின் மேல் விழும் அழுத்தம் மாறாதபடி குடுவைக்குள் ஒரு தடுப்புத் தகடு வேண்டும். அது இல்லாத கருவியில் குடுவை பாதிக்குக் கீழே இறங்காமல் நிரப்பிக்கொண்டே இருக்க வேண்டும். லைமன் 55 என்ற பழைய கருவியில் பக்கவாட்டில் ஒரு சிறு சுத்தி தொங்கும். ஒவ்வொரு முறையும் அதே வேகத்தில் ஒரு தட்டுத் தட்டினால் குழாயில் நிற்பது இறங்கிவிடும். விலை அதிகமில்லாத இந்த ஏற்பாட்டை நான் மிகவும் மதிக்கிறேன். கைப்பிடியைத் திருப்பும் வேகமும் கருவியின் ஓர் உறுப்பு போலத்தான். ஒரு முறை மெதுவாகவும் மறுமுறை வெடுக்கென்றும் திருப்புகிறவருக்கு எந்தக் கருவியும் உதவாது.

போட்டிக்கான தோட்டா என்றால் நான் கருவியில் அரை கிரெயின் குறைவாகவே அளந்து, தராசுத் தட்டில் வைத்து, விரலால் திருகினால் ஓரிரு குச்சிகளை மட்டும் உதிர்க்கும் சிறு குழாயால் மீதியைச் சேர்ப்பேன். மின்னணுக் கருவி செய்வதும் இதே வேலைதான். முதலில் வேகமாகக் கொட்டி, கடைசியில் மெல்ல உதிர்க்கும். சோம்பேறிக்கு நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் அதன் தராசு சூடேறி நிலைப்பட நேரம் பிடிக்கும். காற்றசைந்தால் எண் ஆடும். மின்விசிறி சுழலாமல் ஓர் அறையில் உட்கார முடியாத நம் ஊருக்கு அது ஒத்துவருமா என்று நினைத்துப் பார்க்கலாம். என்னிடம் இருந்த மின்னணுத் தராசு ஒரு மாலையில் மூன்று முறை பூச்சியத்தை விட்டு நகர்ந்ததால், கைத்தராசையும் எடைக்கல்லையும் பக்கத்திலேயே வைத்திருந்தேன்.

கட்டுரையில் விடுபட்ட இன்னொன்று: வேலை முடிந்ததும் குடுவையில் மருந்தை விட்டுவைக்கக் கூடாது. நைட்ரோகிளிசரின் கலந்த மருந்து சில வகை பிளாஸ்டிக்கை அரித்து மங்கலாக்கிவிடும். என் குடுவை ஒன்று அப்படித்தான் பால் படிந்தது போலானது. மேலும், ஒரு மாதம் கழித்து வந்து பார்க்கும்போது உள்ளே இருப்பது எந்த மருந்து என்று யாராலும் சொல்ல முடியாது. பெயர் தெரியாத மருந்தை அழித்துவிடுவதைத் தவிர வழியில்லை. புகை கக்கும் பழைய வகையான கருமருந்து என்றால் பேச்சே வேறு. 1884-இல் பிரான்சில் பால் வியேய் புகையில்லா மருந்தைக் கண்டுபிடிக்கும் வரை துப்பாக்கிக்குக் கருமருந்தைப் பெரும்பாலும் கொள்ளளவில்தான் அளந்தார்கள். அந்தப் பழக்கத்தில், அதைவிட மிகவும் வலிமையுள்ள புதிய மருந்தையும் அதே அளவில் கெட்டித்துத் துப்பாக்கியைச் சிதறடித்தவர்கள் உண்டு. நிலைமின் பொறி பட்டாலே தீப்பற்றக்கூடியது கருமருந்து என்பதால், பிளாஸ்டிக் குடுவையுள்ள சாதாரணக் கருவியில் அதை இடவே கூடாது.

கட்டுரையைப் படித்துவிட்டு எங்கள் முத்தியால்பேட்டைத் தெருவில் இரண்டு இளைஞர்கள் என்னிடம் வந்து, இந்தக் கருவியை இணையத்தில் வரவழைக்கலாமா என்று கேட்டார்கள். ஆயுதச் சட்டம், 1959-இன் 5-ஆம் பிரிவின்படி உரிமமின்றித் தோட்டா தயாரிப்பது நம் நாட்டில் குற்றம் என்பதைக் கட்டுரையாளர் ஒரு வரியாவது எழுதியிருக்கலாம். அந்த வரியையும் 'கிராம்' என்ற சொல்லுக்கான திருத்தத்தையும் அடுத்த ஞாயிறு அதே பக்கத்தில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
முன்னாள் படைவீரர் ஒருவர்,
முத்தியால்பேட்டை, புதுச்சேரி.