சந்தின் கதையில் வீட்டுக்காரர்களைக் காணோம்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரின் பழைய சந்துகளைப் பற்றி வந்த கட்டுரையை ஒரே மூச்சில் படித்து முடித்தேன். நல்ல விறுவிறுப்பு. ஆனால் முக்கால்வாசி இடத்தை, அந்தக் காலத்தில் விலைமாதர் விடுதி நடத்திய மேடம் பிரஸ்ஸல்ஸே எடுத்துக்கொண்டுவிட்டார். அந்தச் சந்துகள் இருக்கும் லிட்டில் லான்ஸ்டேல் தெருவைப் பற்றி யார் எழுத உட்கார்ந்தாலும் இப்படித்தான் ஆகிறது.

முதலில் ஒரு திருத்தம். 1891-இல் மெல்பர்னில் உள்ள விக்டோரியா மாநில நாடாளுமன்றத்தில் காணாமல்போன, சபையின் அதிகாரச் சின்னமான செங்கோல், அந்த அம்மாளின் விடுதியில் கண்டெடுக்கப்பட்டதுபோல எழுதியிருக்கிறீர்கள். அப்படி யாரும் எங்கும் கண்டெடுக்கவில்லை. விலைமாதர் விடுதியில் அதை வைத்துக் கூத்தடித்தார்கள் என்று ஊரே பேசியது உண்மைதான். அரசு விசாரணை வைத்துப் பார்த்தும் அதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. நூறு வருடம் கழித்து 1991-இல் 50,000 டாலர் பரிசு அறிவித்தும் செங்கோல் வரவில்லை.

இன்னொன்று, மேடம் பிரஸ்ஸல்ஸ், அதாவது கரோலின் ஹாட்ஜ்சன், சந்துவாசியே இல்லை. அவருடைய பேர்பெற்ற விடுதி நாடாளுமன்றத்துக்குப் பக்கத்தில், அகலமான லான்ஸ்டேல் தெருவைப் பார்த்து இருந்தது. பின்னால் இருந்த சந்துகளின் கதை வேறு. அதில் எனக்குச் சுவையாகப் படுவது வாடகை வாங்கியவர்களின் கதைதான்.

மெல்பர்னில் இந்தச் சந்துகள் பெரும்பாலும் நகர வரைபடத்தில் பிறந்தவையே அல்ல. 1837-இல் நில அளவையாளர் ராபர்ட் ஹாடில் போட்ட திட்டத்தில் 99 அடி அகலப் பெரிய தெருக்களும், மனைகளின் பின்பக்கம் போய்வர 33 அடிச் சிறு தெருக்களும்தான் உண்டு. அரசு ஏலம் விட்ட மனை ஒவ்வொன்றும் ஏறக்குறைய அரை ஏக்கர். வாங்கியவர் சும்மா இருப்பாரா? முன்பக்கத்தை ஒருவருக்கு விற்றார், நடுவில் இரண்டு வீடு கட்டினார், பின்னால் இன்னும் நாலு. அந்த நாலு வீட்டுக்கும் ஆள் போய்வர வழி வேண்டுமே. அப்படி விட்ட வழிதான் சந்து. சாக்கடைத் திட்டம் வருவதற்கு முன்பு மலம் அள்ளும் வண்டிக்கும் அதுவே பாதை. அந்த ஊரில் முதல் கட்டடம் கழிவுநீர்க் குழாயோடு இணைந்ததே 1897-இல்தான்.

கட்டுரையில் ஒரே ஒரு வரியில் வந்து போகும் கேசல்டன் பிளேஸையே பாருங்கள். அந்தப் பெயர் பிரபுவுடையதும் அல்ல, ஆளுநருடையதும் அல்ல. ஜான் கேசல்டன் ஒரு செருப்புத் தொழிலாளி. 1877-இல் அவர் வாடகைக்கு விடுவதற்காகவே ஆறு சின்னச் செங்கல் வீடுகளை வரிசையாகக் கட்டினார். செருப்புத் தைத்தவர் வீட்டுக்காரரானார், சந்துக்கு அவர் பெயர் நிலைத்தது. அந்த ஆறில் இன்று மிச்சமிருப்பது 17-ஆம் எண் வீடு ஒன்றுதான். 1920-களில் அதே வீட்டில் 'யோகோகாமா' என்ற பட்டப்பெயர்கொண்ட ஒரு பெண் விலைமாதர் விடுதி நடத்தினார். இந்த இரண்டாவது தகவலை மட்டும் எல்லோரும் எழுதுகிறார்கள். முதல் தகவல் இல்லாமல் அந்த வீடே இல்லை!

பழைய மாநகராட்சி வரிப் பேரேடுகள் விக்டோரியா அரசு ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. குடியிருப்பவர் பெயர் ஒரு பத்தி, உரிமையாளர் பெயர் ஒரு பத்தி, கட்டடம் செங்கல்லா மரமா, வரிக்கான மதிப்பு என்ன என்று வருடா வருடம் எழுதிவைத்தார்கள். குடியிருப்பவர் பத்தியில் பெயர்கள் மாறிக்கொண்டே வரும். ஐரிஷ்காரர்கள், சீனத் தச்சர்கள், சிரியாக்காரர்கள் என்று அழைக்கப்பட்ட லெபனான் வியாபாரிகள், தலைச்சுமை வியாபாரம் செய்த இந்தியர்கள். பக்கத்துப் பத்தியையும் சேர்த்துப் படித்தால்தான் அந்த வாடகையெல்லாம் யார் கைக்குப் போனது என்று தெரியும். 'சேரி', 'பாவக்கிடங்கு' என்று நாளேடுகள் சாடிய வீடுகளுக்கும் சொந்தக்காரர்கள் இருந்தார்கள். அவர்களைத் தேடிப் போக வேண்டாமா?

அந்தச் சந்துகள் இருந்த இடத்தில் 1980-களின் இறுதியிலும், மறுபடி 2002-லும் தொல்லியல் அகழாய்வு நடந்தது. டிம் மர்ரே, ஆலன் மேன் போன்ற ஆய்வாளர்கள் அந்த முடிவுகளை விரிவாக எழுதியிருக்கிறார்கள். மூடிப்போன கழிவுக் குழிகளிலிருந்து பீங்கான் தேநீர்க் கோப்பைகளும் பொம்மைகளும் குழந்தைகளின் விளையாட்டுச் சாமான்களும் வந்தன. மெல்பர்ன் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். குடித்தனம் நடத்திய சாதாரணக் குடும்பங்கள் அங்கே ஏராளம் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி? நீங்கள் போட்டிருந்த படங்களில் ஒரு குழந்தைகூட இல்லை.

சொந்தக்காரர்கள் கதை அதோடும் முடியவில்லை. 1948-இல் மத்திய அரசே அந்த வட்டாரத்தில் ஒரு முழுப் பிளாக்கைக் கட்டாயமாகக் கையகப்படுத்தியது. ஒற்றை மாடிகூட இல்லாத 17-ஆம் எண் வீடு, இப்போது கேசல்டன் பெயரையே தாங்கிய அலுவலகக் கோபுரத்தின் காலடியில் நிற்கிறது.

அப்புறம், சந்தின் தரை யாருடையது என்ற கேள்வியும் இருக்கிறது. வீடுகளைப் பிரித்து விற்றவர் வழியை மட்டும் யாருக்கும் எழுதிக் கொடுக்காமல் போய்ச் சேர்ந்திருப்பார். பத்திரத்தில் அவர் பெயர் அப்படியே நிற்கும். பக்கத்து வீட்டார் கதவு போட்டு அடைத்துக்கொள்வார்கள். விக்டோரியாவில் பிறர் நிலத்தைத் தடையில்லாமல் 15 வருடம் அனுபவித்து வந்தவர் உரிமை கோரலாம். பொதுச் சாலை என்றாலோ மாநகராட்சி நிலம் என்றாலோ அந்தப் பேச்சுக்கே இடமில்லை. ஆகவே குறிப்பிட்ட சந்து தனியார் வழியா, பொது வழியா என்பதில்தான் வழக்கே நிற்கும். கட்டுரையாளர் இதைத் தொட்டிருந்தால் இன்று சந்தோரம் குடியிருப்பவர்களுக்கும் பயன்பட்டிருக்கும்.

கட்டுரையின் அடுத்த பகுதி வரும் என்று அறிவித்திருக்கிறீர்கள். சரி, அதில் மேடம் பிரஸ்ஸல்ஸ் மறுபடி வந்தாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை. கூடவே அந்த வரிப் பேரேட்டிலிருந்து ஒரு பக்கத்தைப் படமாகப் போடுங்கள். உரிமையாளர் பத்தி வெட்டுப்படாமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்