புதன்கிழமை கூடாத சந்தை: லிஸ்பன் நகர உலா குறித்த புகார்

அனுப்புநர்: ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர், மதுரை.
பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு, சென்னை.

பொருள்: "பழைய லிஸ்பன்: தெருக்கள், சந்தைகள், சரித்திரம்" என்ற ஒரு நாள் உலாவில் சேவைக் குறைபாடு, கட்டணத்தைத் திருப்பித் தரக் கோருதல் – தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். தங்கள் நிறுவனத்தின் ஸ்பெயின், போர்ச்சுகல் சுற்றுலாவில் நானும் என் மனைவியும் சென்று வந்தோம். விமானம், விடுதி, சாப்பாடு எதிலும் குறை சொல்ல மாட்டேன். மாட்ரிட்டில் என் மனைவிக்குக் காய்ச்சல் கண்டபோது தங்கள் சுற்றுலா மேலாளர் நள்ளிரவில் மருந்துக்கடை தேடி அலைந்ததை இன்றும் வீட்டில் நன்றியோடு பேசிக்கொள்கிறோம். லிஸ்பனில் தனிக் கட்டணம் வாங்கிக்கொண்டு தாங்கள் நடத்திய ஒரு நாள் உலாவைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

தங்கள் கையேட்டில் அந்த உலாவின் முதல் இடமாகப் போட்டிருப்பது ஃபெய்ரா ட லாட்ரா என்ற பழம்பொருள் சந்தை. அரைப்பக்கத்துக்குப் படமும் இருக்கிறது. எங்களை அங்கே அழைத்துப் போனது புதன்கிழமை. அந்தச் சந்தை செவ்வாயும் சனியும் மட்டுமே கூடும். சாந்தா கிளாரா திடலில் 1882 முதல் கூடிவரும் சந்தை அது. அதன் கிழமை ஒன்றும் பரம ரகசியம் இல்லை. நாங்கள் இறங்கியபோது திடலில் கார்கள் நின்றிருந்தன. ஒருவர் நாயோடு நடந்துகொண்டிருந்தார். தங்கள் வழிகாட்டி சிறிதும் அசராமல், "இன்று கூட்டம் கொஞ்சம் குறைவு" என்றார்.

அதே வாரம் சனிக்கிழமையும் நாங்கள் லிஸ்பனில்தான் இருந்தோம். தங்கள் திட்டத்தில் அது ஓய்வு நாள். இரண்டு நாட்களையும் இடம் மாற்றிப் போட்டிருந்தால் சல்லிக்காசு கூடுதல் செலவில்லாமல் எல்லாரும் சந்தையைப் பார்த்திருக்கலாம். விடுதி வரவேற்பறைப் பெண் விவரம் சொன்னதால் சனிக்கிழமை காலை 28-ஆம் எண் டிராமில் ஏறி நாங்களே போனோம். தரையில் விரித்த துணிகளின் மேல் பழைய ஓடுகள், துருப்பிடித்த சாவிகள், ராணுவப் பதக்கங்கள், இசைத்தட்டுகள், யாரோ ஒருவர் வீட்டுக் கல்யாணப் படங்கள் என்று குவிந்து கிடந்தன. என் மனைவி ஒரு பித்தளைக் கதவுக் குமிழுக்கு விரல்களாலேயே பேரம் பேசிப் பாதி விலைக்கு வாங்கினார். இதைக் காட்டுவதாகச் சொல்லித்தான் தாங்கள் எங்களிடம் பணம் வாங்கினீர்கள்.

புதன்கிழமை இதற்கு ஈடாக எங்களை ரிபெய்ரா சந்தைக்கு அழைத்துப் போனார்கள். அதுவும் நல்ல இடம்தான், காலையில் போனால். மீனும் காய்கறியும் விற்கும் பகுதி மதியத்தோடு அடங்கிவிடும். நாங்கள் போய்ச் சேர்ந்தது பிற்பகலில். கழுவிவிட்ட மேடைகளையும், 2014-இல் மறுபாதியில் தொடங்கிய உணவுக்கூடத்தையும் பார்த்தோம். அதற்கு முன்பு கார்க் பைகள் விற்கும் கடை ஒன்றில் ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார்த்தி வைத்தார்கள். அந்தக் கடைப் பெயர் கையேட்டில் எங்கும் இல்லை. வழிகாட்டிக்கும் கடைக்காரருக்கும் இருந்த நெருக்கத்தைப் பார்த்தால், அது அவருடைய திட்டத்தில் எப்போதும் இருப்பது போலத் தெரிந்தது.

இனி சரித்திரம். அல்ஃபாமா பகுதியின் சந்துகளில் எங்களை நிறுத்தி, 1755 நிலநடுக்கத்தில் இந்த இடம் அடியோடு அழிந்துபோய்ப் பிறகு கட்டப்பட்டது என்றார் வழிகாட்டி. நேர் மாறான செய்தி. அந்த ஆண்டு நவம்பர் 1, புனிதர் அனைவர் திருநாளன்று, காலைப் பூசை நேரத்தில் நிலம் அதிர்ந்தது. தேஜோ ஆற்றின் முகத்துவாரம் வழியே கடல் ஏறியது. தீ பல நாள் எரிந்தது. தாழ்வான பைஷா பகுதி அதில் அழிந்தது. பாறைக் குன்றின் மேல் இருந்த அல்ஃபாமாவில் பெரும்பகுதி தப்பியது. அதனால்தான் அதன் சந்துகள், முன்பு லிஸ்பனை ஆண்ட வட ஆப்பிரிக்க முஸ்லிம்களான மூர்கள் காலத்துக் கோணல்மாணலோடு இன்றும் இருக்கின்றன. அழிந்த பைஷாவை அப்போதைய அமைச்சர் பொம்பால் பிரபு நேர்கோட்டுத் தெருக்களாக எழுப்பினார். சுவர்களுக்குள் மரச்சட்டக் கூண்டு வைத்து, அடுத்த அதிர்ச்சியைத் தாங்கும்படி வீடுகளைக் கட்டினார்கள். பொற்கொல்லர், வெள்ளிக்கொல்லர், செருப்புத் தைப்பவர், துணி வணிகர் என்று தொழிலுக்கொரு தெரு ஒதுக்கினார்கள். எங்கள் ஊர் வெண்கலக்கடைத் தெருவில் வளர்ந்தவனுக்கு அங்கே நின்று பார்க்க நிறைய இருந்தது. ஆனால் பைஷாவில் எங்களை வண்டியிலிருந்து இறக்கவே இல்லை.

சாவ் ஜோர்ஜ் கோட்டையைக் காட்டி, மூர்கள் விட்டுப்போனபடியே இருக்கிறது என்றார். இன்று பார்க்கும் கொத்தளங்களில் பெரும்பகுதி போர்ச்சுகல் சர்வாதிகாரி சலாசார் ஆட்சியில் 1940-ஐ ஒட்டிச் செய்த மறுசீரமைப்பு. கூர்மையான கற்கள் பதித்த காசா டொஸ் பிகோஸ் மாளிகையை வாஸ்கோ ட காமாவின் வீடு என்றார். அதைக் கட்டியவர் பிராஸ் தெ அல்புகெர்க். 1510-இல் கோவாவைப் பிடித்த அஃபோன்சோவின் மகன். இந்தியாவிலிருந்து வந்தவர்களிடம் இந்த ஒன்றையாவது சரியாகச் சொல்லியிருக்கலாம்.

இவற்றைக்கூட நான் பொறுத்துக்கொள்வேன். நாற்பது பேர் வகுப்பில் தவறான விடைகளைக் கேட்டுப் பழகியவன். பொறுக்க முடியாதது சாவ் தொமிங்குஸ் சதுக்கத்தில் நடந்தது. அங்கே செர்ரிப் பழ மது விற்கும் சிறிய கடை ஒன்று உண்டு. அதன் வாசலில் எங்களை நிற்கவைத்து, ஆளுக்கொரு கோப்பை வாங்கிக் குடிக்கச் சொல்லி, படம் எடுத்துக்கொடுத்தார். அங்கிருந்து சில எட்டு தூரத்தில் தாவீதின் நட்சத்திரம் பொறித்த ஒரு கல் நிற்கிறது. 1497-இல் யூதர்களைக் கட்டாயப்படுத்தி மதம் மாற்றினார்கள். அப்படி மாறியவர்களையும், 1506 ஏப்ரலில், இதே சதுக்கத்துத் தேவாலயத்தில் தொடங்கிய வெறியில், நகரெங்கும் தேடிப்பிடித்துக் கொன்றார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் இறந்தார்கள். அவர்களுக்கான நினைவுக்கல் அது, 2008-இல் வைத்தார்கள். தேவாலயத்துக்குள் போனால், 1959 தீயில் வெந்து வெடித்த தூண்களை அப்படியே விட்டிருக்கிறார்கள். வழிகாட்டி கல்லையும் காட்டவில்லை, தேவாலயத்துக்குள்ளும் அழைத்துப் போகவில்லை. "அந்தக் கல் என்ன?" என்று நான் கேட்டதற்கு, "ஏதோ யூதர்கள் விஷயம்" என்று சொல்லிவிட்டு அடுத்தவருக்குக் கோப்பையை நீட்டினார். அட்டைப்படத்தில் "சரித்திரம்" என்று கொட்டை எழுத்தில் போட்ட நிறுவனத்தின் உலா இது.

கையேட்டின் பின்னட்டையில் "தமிழ் முதன்முதலாக அச்சேறிய நகரம்!" என்றும் போட்டிருக்கிறீர்கள். உண்மைதான், ரோமன் எழுத்தில் தமிழும் அதனோடு போர்ச்சுகீசியமுமாக ஒரு கிறித்தவ மறைநூல் 1554-இல் லிஸ்பனில் அச்சானது. எங்கள் குழுவில் பலர் அந்த ஒரு வரிக்காகவே பணம் கட்டினார்கள். வழிகாட்டிக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. மொராரியா பகுதியும், ஃபாடோ என்ற லிஸ்பன் பாட்டு வகையின் பாடகி மரியா செவேரா வாழ்ந்த தெருவும் கையேட்டில் உண்டு. நேரமில்லை என்று விட்டுவிட்டார்கள். கார்க் கடைக்கு நேரம் இருந்தது.

ஊர் திரும்பியதும் மின்னஞ்சல் அனுப்பினேன். "தவிர்க்க முடியாத காரணங்களால் திட்டம் மாறக்கூடும் என்ற நிபந்தனைக்குத் தாங்கள் ஒப்புதல் அளித்துள்ளீர்கள்" என்று பதில் வந்தது. புயல், வேலைநிறுத்தம் என்றால் ஏற்கலாம். புதன்கிழமை வாரந்தோறும் வருகிறது. அடுத்து எழுதியவற்றுக்கு, "பரிசீலனையில் உள்ளது" என்பதே பதில். அந்தச் சந்தைத் திடலுக்கு அருகே சாந்தா எங்க்ராசியா என்ற தேவாலயம் இருக்கிறது. 1682-இல் தொடங்கிய கட்டுமானம் 1966-இல்தான் முடிந்தது. முடியவே முடியாத வேலையை லிஸ்பன்காரர்கள் அதன் பெயரைச் சொல்லிக் கேலி செய்வார்கள். தங்கள் பரிசீலனைக்கும் அந்தப் பெயர் பொருந்தும்.

எங்கள் இருவருக்குமான அந்த ஒரு நாள் உலாக் கட்டணத்தை முழுமையாகத் திருப்பித் தர வேண்டும். இனி வரும் குழுக்களுக்கு உலாவைச் செவ்வாய் அல்லது சனிக்கிழமைக்கு மாற்ற வேண்டும். முடியாதென்றால் சந்தைப் படத்தைக் கையேட்டிலிருந்து எடுத்துவிட வேண்டும். வழிகாட்டியை வேலையை விட்டு நீக்கும்படி நான் கேட்கவில்லை. சின்ன வயது, குரல் வளம் நன்றாக இருக்கிறது. சொல்ல வேண்டியதை யாராவது அவருக்குச் சொல்லிக்கொடுத்து அனுப்புங்கள்.

இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் எழுத்துமூலம் பதில் வராவிட்டால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி மதுரை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனுத் தாக்கல் செய்வேன். புகார்தாரர் வசிக்கும் ஊரிலேயே வழக்குத் தொடர அச்சட்டம் இடம் தருகிறது என்பதால், அலைய வேண்டியது நான் அல்ல.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: கட்டண ரசீது நகல், கையேட்டின் முன், பின் அட்டை நகல்கள், புதன், சனி இரு நாட்களிலும் திடலில் எடுத்த தேதியிட்ட படங்கள், மின்னஞ்சல்களின் நகல்.