எங்கள் ஏரிக்கரைக்குக் குடிவரப்போகும் எண்ணூறு குடும்பங்களுக்கு

அன்புள்ள வருங்கால அண்டை வீட்டாருக்கு,

வணக்கம். வேலூரில் காட்பாடிப் பக்கம் எங்கள் தெருவுக்கு எதிரே பத்து ஏக்கரில் எழும்பிக்கொண்டிருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பில் நீங்கள் வீடு பதிவு செய்திருக்கிறீர்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பத்தோடு வந்து, மஞ்சள் தலைக்கவசம் மாட்டிக்கொண்டு, உங்கள் வீடு எந்த மாடியில் வருகிறது என்று அண்ணாந்து பார்த்துவிட்டுப் போவீர்கள். நான் திண்ணையில் உட்கார்ந்து அதைப் பார்ப்பேன். போன மாதம் ஒரு பெண் தன் மாமியாரைக் கைத்தாங்கலாக அழைத்துவந்து, இன்னும் சுவர்கூட எழும்பாத ஓர் இடத்தைக் காட்டி, "அதோ, அங்கேதான் அத்தை உங்கள் அறை" என்றார். அந்த அம்மாள் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கும் மனம் நிறைந்துதான் இருந்தது. 34 ஆண்டுகள் கட்டட வேலையில் மேற்பார்வையாளனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஒரு குடும்பம் சொந்தமாக ஒரு கூரையைத் தேடிக்கொள்ள என்ன பாடுபடுகிறது என்பதை அறிந்தவன். கட்டடமே கூடாது என்று சொல்ல இந்த மடலை எழுதவில்லை.

என் கிணற்றைப் பற்றிச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

என் தந்தை வெட்டிய கிணறு அது. 42 அடி ஆழம். நம் பகுதியின் நிலவாகு உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். மேலே கொஞ்சம் மண், அதன் கீழே மொரம்பு என்கிற சரளை மண், அதற்கும் கீழே கரும்பாறை. மொரம்பிலும் பாறை வெடிப்புகளிலும் தேங்குவதுதான் நம் நிலத்தடி நீர். உங்கள் வாகன நிறுத்தத்துக்காக முதல் இரண்டு கட்டடங்களுக்கு அடித்தளம் தோண்டியபோது அந்த மொரம்பை வெட்டித் திறந்தார்கள். ஊற்று பீறிட்டது. மூன்று மோட்டார்களை இறக்கி, இரவு பகலாக நாற்பது நாட்கள் இறைத்தார்கள். கண்ணாடி போன்ற தண்ணீர் தெருச் சாக்கடையில் ஓடியது. முப்பதாவது நாள் என் கிணற்றின் அடிப்பாறை தெரிந்தது. பக்கத்து வீட்டுப் போர்வெல் காற்றைக் கக்கியது.

அடித்தளம் தோண்டினால் நீரை இறைக்கத்தான் வேண்டும். நானும் பல இடங்களில் இறைத்திருக்கிறேன். ஆனால் இறைத்த நீரைப் போக்கடிக்க வேண்டியதில்லை. மனையின் தாழ்ந்த மூலையில் ஜல்லியும் மணலும் நிரப்பி நான்கு உறிஞ்சு கிணறுகள் இறக்கியிருந்தால், அந்தத் தண்ணீர் வந்த வழியே மண்ணுக்குத் திரும்பியிருக்கும். கணியம்பாடிப் பக்கம் நாகநதிப் படுகையில் கிராமத்துப் பெண்கள் உறிஞ்சு கிணறுகளை இறக்கி, கல் தடுப்புகளைக் கட்டி நிலத்தடி நீரை மீட்டுக் காட்டியிருக்கிறார்கள். நமக்கு அது பக்கத்து ஊர்தான். அவ்வளவும் வேண்டாம், வண்டல் தொட்டி ஒன்று கட்டித் தெளியவிட்டு ஏரிக்காவது அனுப்பியிருக்கலாம். அதே நாற்பது நாட்களில், போட்டு முடித்த கான்கிரீட் காயாமல் இறுக ஊற்றுவதற்காக டேங்கர் லாரியில் தண்ணீர் விலைக்கு வந்து இறங்கியது. ஒரு வாசலில் தண்ணீர் வெளியே ஓட, மறு வாசலில் தண்ணீர் உள்ளே வந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன்.

இன்னும் இரண்டு கட்டடங்களுக்கு அடித்தளம் பாக்கி. தை பிறந்ததும் தோண்டப்போவதாகக் கேள்வி. ஆகவேதான் இப்போதே எழுதுகிறேன்.

இதைக் கட்டுபவர்களிடம் சொல்லாமல் உங்களிடம் ஏன் சொல்கிறேன் என்று கேட்பீர்கள். அவர்களிடமும் சொன்னேன். வாசல் காவலாளியே பதில் சொல்லி அனுப்பிவிட்டார். மத்திய அரசின் 2006 செப்டம்பர் 14-ஆம் தேதி அறிவிக்கையின்படி, 20,000 சதுர மீட்டருக்கு மேல் கட்டப்படும் எந்தக் குடியிருப்பும் சுற்றுச்சூழல் முன் அனுமதி வாங்க வேண்டும். உங்கள் குடியிருப்பு அந்த அளவைப் போல நான்கு மடங்கு. ஆனால் சாயப்பட்டறைக்கோ சுரங்கத்துக்கோ நடப்பதுபோன்ற பொதுமக்கள் கருத்துக் கேட்பு, இத்தகைய கட்டடத் திட்டங்களுக்குக் கிடையாது. எங்கள் தெருவை யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய கட்டாயமும் இல்லை. உங்கள் நிலை வேறு. 2016-ஆம் ஆண்டின் மனை வணிகச் சட்டத்தில் 19-ஆம் பிரிவு, அனுமதி பெற்ற வரைபடங்களையும், தண்ணீர், கழிவுநீர் ஏற்பாடுகள் உட்பட வேலை எந்தக் கட்டத்தில் எப்போது முடியும் என்ற அட்டவணையையும் கேட்டுப் பெறும் உரிமையை வீடு வாங்குவோருக்குத் தருகிறது. சட்டத்தை விடவும் பெரியது ஒன்று உங்கள் கையில் இருக்கிறது. அது நீங்கள் கட்டும் தவணை. ஒரு தவணை பத்து நாள் தாமதமானால் அலுவலகமே பரபரப்பதை நான் வேலை பார்த்த காலத்தில் அறிவேன். அண்டை வீட்டானின் புகாருக்கு அந்தப் பரபரப்பை நான் ஒருநாளும் பார்த்ததில்லை.

அனுமதியோடு நிபந்தனைகள் அடங்கிய தாள்களும் சேர்ந்து வரும். அந்த நிபந்தனைகளைக் கடைப்பிடித்ததற்கான அறிக்கையை ஆண்டுதோறும் ஜூன் 1, டிசம்பர் 1 ஆகிய தேதிகளில் கட்டுபவர் சமர்ப்பிக்க வேண்டும். சமையலறைக் கல்லின் நிறத்தை உங்களிடம் கேட்டுத் தீர்மானிப்பவர்கள் இந்த அறிக்கையையும் உங்களிடம் காட்டட்டும். கேளுங்கள்.

அடுத்த முறை வரும்போது மாதிரி வீட்டுக்குள் நுழைவதற்கு முன்பு, வாசலுக்கு இடப்புறம் பத்தடி நடந்து கீழே பாருங்கள். அங்கே இருப்பது ஏரியின் வரத்துக்கால்வாய். மலையடிவாரத்திலிருந்து வரும் மழைநீர் இந்த வழியாகத்தான் ஏரிக்குப் போகிறது. நான் சிறுவனாக இருந்தபோது அதில் குளித்திருக்கிறேன். 12 அடி அகலம், 4 அடி ஆழம் இருக்கும். லாரிகள் உள்ளே போவதற்காக இப்போது அதன்மேல் மண் கொட்டிச் சாலை போட்டு, அடியில் இரண்டடி விட்டத்தில் இரண்டு குழாய்களைப் பதித்திருக்கிறார்கள். கணக்கைப் போட்டுப் பாருங்கள். கால்வாயின் குறுக்குப் பரப்பு 48 சதுர அடி. இரண்டு குழாய்களும் சேர்ந்து ஆறேகால் சதுர அடி சொச்சம். ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு. அதிலும் ஒரு குழாய்க்குள் சிமெண்ட் பால் இறுகிக் கிடக்கிறது; ரெடிமிக்ஸ் லாரிகளைக் கழுவிவிடும் இடம் அதுதான். சிமெண்ட் கழுவிய நீர் கடுமையான காரம். மீனுக்கும் ஆகாது, மண்ணுக்கும் ஆகாது. கழுவுவதற்கென்று தார்ப்பாய் விரித்த ஒரு குழி வெட்ட அரைநாள் வேலை போதும்.

2021 நவம்பரை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஏரிகள் ஒவ்வொன்றாக நிரம்பி வழிந்து கோடி போயின. பாலாறு கரைதொட்டு ஓடியது. கோட்டை அகழி நிரம்பி ஜலகண்டேசுவரர் கோயிலுக்குள் தண்ணீர் புகுந்தது. கன்சால்பேட்டையில் நிக்கல்சன் கால்வாய் வீடுகளுக்குள் ஏறியது. எங்கள் தெருவில் முழங்கால் அளவோடு நின்றதற்குக் காரணம், அப்போது இந்தக் கால்வாய் திறந்திருந்ததுதான். மறுபடி அப்படி ஒரு மழை வந்தால், அடைபட்ட தண்ணீர் எங்கே போகும்? மனையிலேயே மிகத் தாழ்ந்த இடம் உங்கள் நிலத்தடி வாகன நிறுத்தம். தற்காலிகச் சாலைதானே, பிறகு எடுத்துவிடுவார்கள் என்று சொல்வார்கள். தற்காலிகமாகப் போட்ட எத்தனையோ சாலைகள் அப்படியே தார் பூசி நிலைத்துவிட்டதைப் பார்த்திருக்கிறேன். கால்வாயின் அகலத்தைக் கிராமப் புலப்படமும், நில விவரங்களைக் குறித்துவைக்கும் 'அ' பதிவேடும் சொல்லும். அரசின் நில ஆவண இணையதளத்திலேயே எடுத்துப் பார்க்கலாம். அதே அகலத்துக்குப் பெட்டிப் பாலம் ஒன்றைக் கட்டச் சொல்லுங்கள்.

பத்து ஏக்கர் வயலாக இருந்தவரை பெய்த மழையில் பெரும்பகுதியை உறிஞ்சிக்கொண்டது. 50 மில்லிமீட்டர் மழை நம் ஊரில் ஒரே இரவில் பெய்யும். பத்து ஏக்கரில் அது 20 லட்சம் லிட்டர். மொட்டைமாடியும் சிமெண்ட் தரையும் போட்ட பிறகு அவ்வளவும் ஓடும். தமிழ்நாட்டில் 2003-இலேயே மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயமாகிவிட்டது. உங்கள் வரைபடத்திலும் இருக்கும். ஆனால் எத்தனை குழிகள், எவ்வளவு ஆழம், மொரம்பு வரை இறங்குகின்றனவா என்பதைத் தரை பூசுவதற்கு முன்பு நேரில் பார்த்துவிடுங்கள். பூசிய பிறகு மூடி மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும்.

கழிவுநீரும் அப்படித்தான். எண்ணூறு வீடுகள், வீட்டுக்கு நான்கு பேர், தலைக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்ற வழக்கமான கணக்கில் 4,32,000 லிட்டர் வேண்டும். அதில் எண்பது சதவீதம், அதாவது ஏறத்தாழ மூன்றரை லட்சம் லிட்டர், அன்றன்றைக்குக் கழிவாக வெளியே வரும். சுத்திகரிப்பு நிலையம் அமைப்பார்கள். அதைச் சாவியோடு உங்கள் சங்கத்திடம் ஒப்படைத்துவிட்டுப் போவார்கள். மின்கட்டணத்துக்கு அஞ்சி இரண்டாம் ஆண்டிலேயே அதை நிறுத்திவிட்ட குடியிருப்புகளை நான் அறிவேன். சுத்திகரித்த நீருக்குப் பயன் இருந்தால்தான் அதை ஓட்ட மனம் வரும். அதற்குக் கழிப்பறைத் தொட்டிகளுக்குத் தனிக் குழாய் வேண்டும். ஐந்தாம் மாடி வரை சுவர் எழும்பிவிட்டது. இரண்டாவது குழாயை இதுவரை நான் காணவில்லை. ஓடு ஒட்டிய பிறகு யாராலும் அதைச் சேர்க்க முடியாது. நம் மாநகரம் குடிக்கும் தண்ணீரில் ஒரு பங்கு காவிரியிலிருந்து அவ்வளவு தூரம் குழாயில் வருகிறது. அதைக் கழிப்பறையில் கொட்டுவதை நினைத்தால் எனக்கு வலிக்கிறது.

தூசியைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் கார்க் கண்ணாடியே சொல்லும். 2018 ஜனவரியில் வந்த விதிகள், கட்டட உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு, அதிகபட்சம் 10 மீட்டர் வரை, காற்றுத் தடுப்பு வைக்கவும், மண்ணையும் மணலையும் மூடி வைக்கவும், திறந்த வெளியில் கல் அறுக்காமல் இருக்கவும் சொல்கின்றன. இங்கே ஆறடித் தகரம்தான் நிற்கிறது. எங்களுக்காவது கதவு, சன்னல் உண்டு. கிரானைட் அறுக்கும் இயந்திரத்தின் பக்கத்தில் வாயில் துண்டைக் கட்டிக்கொண்டு நிற்கும் ஒடிசாப் பையனுக்கு என்ன இருக்கிறது? அந்தப் பொடி நுரையீரலில் படிந்தால் திரும்பி வராது. எவருக்கும் பழகாது. தொழிலாளர் குடில்கள் ஏரிக்கரையை ஒட்டி இருக்கின்றன. இருநூறு பேருக்கு நான்கு கழிப்பறைகள், அவற்றின் கழிவு நேரே ஏரிக்குள். ஏரியைப் பார்த்த வீடு என்று உங்களிடம் கூடுதல் விலை வாங்கியிருக்கிறார்கள் அல்லவா, அந்த ஏரிதான் இது.

சத்தத்தைப் பொறுத்தவரை ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். தளம் போடும் கான்கிரீட்டை நடுவில் நிறுத்த முடியாது. அந்த ஓரிரு இரவுகளை நாங்கள் பொறுத்துக்கொள்வோம். குடியிருப்புப் பகுதியில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபலுக்கு மேல் கூடாது என்று 2000-ஆம் ஆண்டு விதி இருக்கும்போது, அதிகாலை இரண்டு மணிக்கு ஜல்லி கொட்டுவதற்கு எந்தக் காரணமும் இல்லை.

நீரில்லாத ஆறு, மரமில்லாத மலை என்று நம் ஊரைப் பற்றிப் பெரியவர்கள் சொல்வார்கள். கோடையில் அந்த மலைகள் பகலெல்லாம் வெயிலைக் குடித்து இரவெல்லாம் கக்கும். 80 சதுர மீட்டருக்கு ஒரு மரம் என்பது இத்தகைய அனுமதிகளில் வழக்கமாக வரும் நிபந்தனை. உங்கள் மனைக்கு ஐந்நூறு மரங்கள். விளம்பரப் படத்தில் இருப்பவை தொட்டியில் வைக்கும் அலங்காரப் பனைகள். வேம்பு, புங்கன், பூவரசு, நாவல் என்று கேளுங்கள். வெட்டி எடுத்த மேல்மண்ணை டிப்பரில் ஏற்றி விற்றுக்கொண்டிருக்கிறார்கள். மரம் நட அதுதானே வேண்டும்.

என் தாய்வழி ஊர் ஆம்பூர்ப் பக்கம். தோல் தொழிற்சாலை வந்தபோது ஊரே மகிழ்ந்தது. வேலை கிடைத்தது, ஓட்டு வீடுகள் மாடி வீடுகளாயின. கிணறுகள் உப்பாகிப் பழுப்பேறியதை ஒவ்வொருவரும் தம் வீட்டுக் குறையாகவே நினைத்துக்கொண்டார்கள். தோல் தொழிற்சாலைக் கழிவை எதிர்த்துத் தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றத்தில் தீர்ப்பானது 1996 ஆகஸ்ட் 28-இல். அதற்குள் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ பாழாகியிருந்ததாக அந்தத் தீர்ப்பே குறிப்பிடுகிறது. கேடு வருமுன் காக்க வேண்டும், கெடுத்தவரே செலவை ஏற்க வேண்டும் என்ற இரண்டு கோட்பாடுகளும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று நிலைநாட்டிய தீர்ப்பு அது. சட்டம் படிக்கும் பிள்ளைகள் இன்றும் அதை நம் வேலூரின் பெயரால்தான் அழைக்கிறார்கள். என் பாட்டி வீட்டுக் கிணற்றுக்கு அந்தத் தீர்ப்பு காலங்கடந்து வந்தது. என் கிணறு இன்னும் பிழைத்திருக்கிறது.

டிசம்பர் 1-ஆம் தேதி அறிக்கை வரும். தை மாதம் பொக்லைன் வரும். இரண்டுக்கும் நடுவே ஒரு ஞாயிற்றுக்கிழமை, நீங்கள் பத்துக் குடும்பங்களாவது சேர்ந்து வாருங்கள். உறிஞ்சு கிணறுகள் இறக்காமல் தோண்டக்கூடாது என்று எழுத்தில் கொடுங்கள். எத்தனை அடி, எந்த மூலை என்று வரைந்து தருவது என் பொறுப்பு. கால்வாயையும் காட்டுகிறேன். பிறகு என் வீட்டுக்கு வாருங்கள். ஐப்பசி மழையில் தண்ணீர் 19 அடிக்கு ஏறியிருக்கிறது. வாரந்தோறும் அளந்து, தேதி போட்டு, கிணற்றுச் சுவரில் கரிக்கட்டியால் கோடு இழுத்து வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
எதிர்த் தெருவிலிருந்து உங்கள் அண்டை வீட்டுக்காரன்