பிஸ்டல் நிற்பதற்குப் பிளாஸ்டிக் காரணமல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறன்று உங்கள் நாளிதழில், காவலர்கள் கையில் பிளாஸ்டிக் துப்பாக்கி எதற்கு என்று கேட்டு ஒரு கட்டுரை வந்திருந்தது. ஃப்ரேம், அதாவது பிடியோடு சேர்ந்த கீழ்ப்பாகம், பிளாஸ்டிக்காக இருப்பதால்தான் இந்தப் பிஸ்டல்கள் சுடும்போது நடுவில் சிக்கிக்கொள்கின்றன, வெயிலில் இளகிவிடும், பழைய இரும்புப் பிஸ்டலுக்கு ஈடாகாது என்பது அதன் சாரம். அன்று சாயங்காலமே பக்கத்து வீட்டுப் பையன் அந்தப் பக்கத்தை நான்காக மடித்து எடுத்துக்கொண்டு வந்தான். சீருடைப் பணியில் சேர்ந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. "மாமா, எனக்குக் கொடுத்திருக்கிறதும் இந்த மாதிரிதான். நம்பி இடுப்பில வெச்சுக்கலாமா?" என்று கேட்டான். அவன் முகத்தைப் பார்த்தபிறகு சும்மா இருக்க முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நான் ராணுவத்தில் கருவிகளைப் பழுதுபார்க்கும் இ.எம்.இ. பிரிவில் ஆர்மரராக, அதாவது துப்பாக்கி மெக்கானிக்காக, 24 வருடம் இருந்தவன். துப்பாக்கியைச் சுடுவதைவிடப் பிரித்துப் பார்த்ததுதான் அதிகம். கடைசி சில வருடங்கள் ஒரு சிறப்புப் படைக்கு டெபுடேஷனில் போனபோது, பிளாஸ்டிக் ஃப்ரேம் பிஸ்டல்கள் தினமும் என் மேசைக்கு வந்தன. அதற்கு முன்பு முழுக்க இரும்புதான். இஷாப்பூர் ரைஃபிள் ஃபேக்டரியில் செய்த 9 எம்.எம். பிஸ்டல் 1ஏ, 13 ரவுண்டு, அதாவது தோட்டா, அடுக்குகிற மேகசின், கையில் எடுத்தால் கனமாக, நிதானமாக உட்காரும். அதன்மேல் எனக்கு இன்றைக்கும் பிரியம் உண்டு. இரும்பை மட்டம் தட்டுவது என் நோக்கமல்ல.

முதலில் இந்தப் 'பிளாஸ்டிக் துப்பாக்கி' என்ற பெயரைப் பற்றி. 1970இல் ஜெர்மனியின் ஹெக்லர் அண்ட் காக் நிறுவனம் வி.பி.70 என்ற பிஸ்டலைப் பாலிமர், அதாவது பிளாஸ்டிக், ஃப்ரேமில் கொண்டுவந்தது. அது பெரிதாக ஓடவில்லை. அப்புறம் ஆஸ்திரியாவில் காஸ்டன் கிளாக். அதுவரை துப்பாக்கியே செய்யாதவர். திரைச்சீலைக் கம்பியும் ராணுவத்துக்குக் கத்தியும் செய்துகொடுத்தவர். அவருடைய கிளாக் 17ஐ 1982இல் ஆஸ்திரிய ராணுவம் எடுத்துக்கொண்டது. 17 ரவுண்டு பிடிக்கும். மேகசின் இல்லாமல் எடை ஏறக்குறைய 625 கிராம். அந்த எடையிலும் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் இரும்புதான். அமெரிக்காவில் 1980களில் இதை விமான நிலைய எக்ஸ்ரேயில் பிடிக்க முடியாது என்று பெரிய பீதி கிளம்பி, துப்பாக்கியில் சோதனைக்குத் தெரிகிற அளவு இரும்பாவது இருக்க வேண்டும் என்று 1988இல் சட்டமே போட்டார்கள். ஆனால் கிளாக்கில் இருக்கிற இரும்பு அந்தச் சட்டம் கேட்ட அளவைவிடப் பல மடங்கு அதிகம்.

ஒரு ரவுண்டு வெடித்ததும் என்ன நடக்கிறது? பிஸ்டலின் மேல்பாகமான ஸ்லைடு பின்னால் ஓடுகிறது. எக்ஸ்ட்ராக்டர் என்ற சின்ன நகம் கோக்காவை, அதாவது காலி ரவுண்டை, பேரலின் (குழலின்) பின்முனையில் ரவுண்டு உட்காருகிற சேம்பரிலிருந்து இழுக்கிறது. எஜெக்டர் அதை வெளியே தட்டிவிடுகிறது. ஸ்பிரிங் ஸ்லைடை முன்னால் தள்ள, அது மேகசினின் மேலே இருக்கிற ரவுண்டைத் தள்ளிக்கொண்டுபோய் சேம்பரில் ஏற்றுகிறது. எல்லாம் முடிய ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது. ஸ்லைடு இரும்பு, பேரல் இரும்பு, நகம் இரும்பு, ஸ்பிரிங்கும் இரும்பு. ஸ்லைடு ஓடுகிற தண்டவாளம்கூட, வார்க்கும்போதே ஃப்ரேமுக்குள் பதித்த இரும்புத் துண்டுகள்தான். பிளாஸ்டிக் இதையெல்லாம் தாங்கிப் பிடித்திருக்கிறது, அவ்வளவே.

அப்படியானால் பிஸ்டல் ஏன் நிற்கிறது? என் மேசையில் நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

ஒருநாள் ரேஞ்சில் ஒரு ஜவான், "உஸ்தாத், ரோக்!" என்று இடதுகையை உயர்த்தினார். ராணுவத்தில் சுடுவது தடைபட்டால் அதற்கு ரோக் என்றுதான் பெயர். பத்து ரவுண்டில் மூன்று முறை நின்றிருந்தது. பக்கத்தில் இருந்தவர்கள், இரும்பாக இருந்தால் இப்படி நிற்குமா என்று முணுமுணுத்தார்கள். நான் போய்ப் பார்த்தேன். ரவுண்டின் மூக்கு சேம்பருக்குள் போகாமல் அதற்குக் கீழே முட்டிக்கொண்டு நின்றது. எதையும் கழற்றவில்லை. அவருடைய மேகசினைப் பக்கத்து ஜவானிடம் கொடுத்து, அவருடையதை இவருக்கு மாற்றிப் போட்டேன். இவர் பிஸ்டல் நிற்காமல் ஓடியது. பக்கத்து ஜவானின் பிஸ்டல் நான்காவது ரவுண்டில் நின்றது. நோய் மேகசினோடு இடம் மாறிப் போயிருந்தது.

அந்த மேகசினை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். மேகசினின் வாயில் ரவுண்டைப் பிடித்துவைக்க இரண்டு உதடுகள் உண்டு, மெல்லிய தகடு. வலது உதடு வெளிப்பக்கம் கொஞ்சமே கொஞ்சம் விரிந்திருந்தது. வெறும் கண்ணுக்குச் சட்டென்று தெரியாது. விரல் நுனியை இரண்டு உதட்டிலும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தால் தெரியும். நல்ல மேகசின் ஒன்றின் வாயையும் இதன் வாயையும் வெர்னியரில் அளந்தேன். அரை மில்லிமீட்டருக்கும் குறைவான வித்தியாசம். அதோடு ஒரு மூலையில் சிமென்ட் தரையில் விழுந்த தழும்பு. எப்போது விழுந்தது, யார் கையிலிருந்து விழுந்தது என்று எவருக்கும் தெரியாது. மேகசின்களுக்கு எண் கிடையாது. சுட்டு முடித்ததும் எல்லாம் ஒரே பெட்டியில், காலையில் கையில் அகப்பட்டது யாருக்கோ. பிஸ்டலுக்கு எண் உண்டு, கோத்தில், அதாவது ஆயுத அறையில், கையெழுத்துப் போட்டு வாங்குவோம். அதற்குச் சோறு ஊட்டுகிற மேகசினுக்கு ஒரு பதிவும் இல்லை.

பிளாஸ்டிக்கின் மேல் நியாயமான ஒரு குறை உண்டு, அதையும் சொல்கிறேன். எடை குறைவு. ஸ்லைடு பின்னால் ஓடும்போது கீழே ஃப்ரேம் அசையாமல் நிற்க வேண்டும். ஃப்ரேமும் கூடவே பின்னால் நகர்ந்தால், ஸ்லைடுக்கு ஓடக் கிடைக்கிற தூரம் குறைந்துபோகும். இரும்பு ஃப்ரேம் தன் கனத்தாலேயே ஓரளவு நிற்கும். பிளாஸ்டிக் ஃப்ரேமை மணிக்கட்டுதான் நிறுத்தவேண்டும். புதிதாக வந்த ஓர் இளம் அதிகாரிக்கு ஒவ்வொரு மேகசினிலும் ஒரு கோக்கா ஸ்லைடு இடுக்கில் செங்குத்தாக, புகைபோக்கி மாதிரி மாட்டிக்கொண்டு நிற்கும். பிஸ்டல் கெட்டது என்று என்னிடம் கொடுத்தார். நான் 50 ரவுண்டு சுட்டேன், ஒருமுறைகூட நிற்கவில்லை. பிறகு அவர் பிடியைக் கவனித்தேன். இரண்டாவது கை சும்மா ஒட்டிக்கொண்டிருந்தது, மணிக்கட்டு தளர்ந்து வெடிக்கும்போதெல்லாம் மேலே மடங்கியது. இரண்டு நாள் பயிற்சி கொடுத்தோம், சரியாகிவிட்டது. இதே தளர்ந்த கையோடு இரும்புப் பிஸ்டலில் அவர் தப்பித்திருக்கலாம். இதைக் குறை என்று சொன்னால் ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் வருடத்துக்கு ஒருமுறை கணக்குக்காகச் சில ரவுண்டு சுடவைத்துவிட்டு, தெருவில் அவசரத்தில் மணிக்கட்டு இறுகவில்லை என்றால் தவறு யார்மேல்?

வெயிலில் இளகும் என்பதற்கு வருகிறேன். இந்த ஃப்ரேம்கள் நைலான் வகை. சாதாரண நைலான் 6கூட 220 டிகிரி வாக்கில்தான் உருகும். ஜெய்சல்மர் பக்கம் மே மாதத்தில் வேலை பார்த்திருக்கிறேன். மணலில் கொஞ்ச நேரம் வைத்துவிட்டு எடுத்தால் ஸ்லைடு உள்ளங்கையைச் சுடும், பிளாஸ்டிக் பிடியைத் தாராளமாகப் பிடிக்கலாம். அங்கே பிஸ்டல் நின்றதற்குக் காரணம் வெயில் அல்ல, எண்ணெய். அக்கறையில் ஜவான் பிள்ளைகள் அளவுக்கு மீறி எண்ணெய் விட்டுவிடுவார்கள். புழுதி அதில் ஒட்டி, ரவுண்டின் அடியைத் தட்டி வெடிக்கவைக்கிற ஃபயரிங் பின் ஓடுகிற குழாய்க்குள் கண்மை மாதிரி ஒரு சாந்து சேரும். டிரிகரை இழுத்தால் 'டக்' என்று சத்தம் வரும், வெடிக்காது. எண்ணெய் விடவே கூடாத இடம் அது. சிந்தியால், அதாவது துணித் துண்டால், துடைத்துக் காயவைத்துக் கொடுத்தால் போதும், ஓடும்.

அந்தமானில் நிலைமை தலைகீழ். உப்புக் காற்று, ஓயாத மழை. இரும்புப் பிஸ்டலை ராத்திரி துடைக்காமல் உறையில் போட்டுவிட்டால் காலையில் பிடிக்குப் பக்கத்தில் பழுப்பாகத் துரு பூத்திருக்கும். தோலுறை ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும். அங்கே பிளாஸ்டிக் ஃப்ரேம் இருந்திருந்தால் எனக்குப் பாதி வேலை மிச்சம்.

பெரிய அளவில் குறை வந்த இடங்களும் உண்டு, மறைக்க வேண்டியதில்லை. 2011இல் கிளாக்கின் நான்காம் தலைமுறைப் பிஸ்டல்களுக்கு ஸ்லைடை முன்னால் தள்ளுகிற ரீகாயில் ஸ்பிரிங்கை மாற்றித் தருவதாக நிறுவனமே அறிவித்தது. 2017இல் சிக் சாவர் நிறுவனத்தின் பி320 என்ற பிஸ்டல் சில கோணங்களில் கீழே விழுந்தால் தானாக வெடிக்கிறது என்று தெரியவந்து, டிரிகரையும் உள்ளே சில பாகங்களையும் மாற்றிக்கொடுத்தார்கள். கனமான டிரிகர், விழுந்த வேகத்தில் தானாகப் பின்னால் நகர்ந்ததுதான் காரணம். எடை குறைந்த டிரிகர் போட்டதும் அப்படி விழுந்து வெடிப்பது நின்றது. இரண்டிலும் சிக்கல் ஸ்பிரிங்கிலும் டிரிகரிலும் இருந்தது, ஃப்ரேமில் அல்ல.

கட்டுரையில் இன்னொன்று. துடைக்கும்போது வெடித்த விபத்தையும் 'கோளாறு' கணக்கில் சேர்த்திருந்தீர்கள். கிளாக் மாதிரியான பல பிஸ்டல்களில் ஸ்லைடைக் கழற்றுவதற்கு முன்னால் டிரிகரை ஒருமுறை இழுத்தாக வேண்டும். மேகசினை எடுத்துவிட்டோமே என்று நினைத்து, சேம்பரில் ஒரு ரவுண்டு இருப்பதை மறந்து இழுத்தால் அது வெடிக்கத்தான் செய்யும். அந்த அமைப்பு சரியா என்று கேளுங்கள், நானும் சேர்ந்து கேட்கிறேன். ஸ்லைடை முழுக்கப் பின்னால் இழுத்து, கண்ணால் பார்த்து, சுண்டுவிரலைச் சேம்பரில் விட்டுத் தடவிப் பார்க்காமல் எந்தப் பிள்ளையையும் பிரிக்க விடாதீர்கள் என்று எழுதுங்கள். ஒரு குடும்பமாவது தப்பிக்கும். பிளாஸ்டிக்கைத் திட்டி என்ன பயன்?

அதிகாரிகள் இதைப் படித்தால் என் வேண்டுகோள் இதுதான்: அடுத்த டெண்டரில் இரும்பா பிளாஸ்டிக்கா என்று விவாதிப்பதற்கு முன்னால், கையில் இருக்கிற மேகசின் ஒவ்வொன்றுக்கும் அடியில் வெள்ளைப் பெயின்டில் எண் எழுதச் சொல்லுங்கள். ரேஞ்சில் ஒரு பிஸ்டல் நின்றால், எந்த மேகசின், எந்த லாட்டில் (தொகுப்பில்) வந்த ரவுண்டு, யார் கை என்று ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். மூன்று மாதத்தில் அந்த நோட்டே காரணத்தைச் சொல்லிவிடும். ஒரே எண் திரும்பத் திரும்ப வந்தால் அந்த மேகசினை ரிப்பேர் செய்யவேண்டாம், நசுக்கிப் போட்டுவிடுங்கள். உதட்டைக் குறட்டால் நிமிர்த்திக் கொடுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அது அன்றைக்கு ஓடும், அடுத்த வாரம் நிற்கும்.

பக்கத்து வீட்டுப் பையனுக்கும் இதைத்தான் சொன்னேன். அவனிடம் மூன்று மேகசின் இருக்கிறதாம். மறுநாளே 1, 2, 3 என்று எழுதிவிட்டான். உதட்டில் விரல் வைத்துப் பார்க்கச் சொல்லியிருந்தேன். நேற்று ராத்திரி போன் செய்தான். மூன்றாம் எண் மேகசினில் ஒரு பக்கம் விரிந்திருக்கிறதாம். எழுதிக்கொடுத்து ஒப்படைத்துவிட்டானாம். மாற்று எப்போது வரும் என்று கேட்டேன். ஸ்டாக் இல்லை என்கிறார்கள் மாமா, வரும்வரை இரண்டை வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள் என்றான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆர்மரர் ஹவில்தார்,
கணியம்பாடி, வேலூர் மாவட்டம்.