கோயில் நிலத்தில் நடுவதற்கு முன் நாற்றுகளைப் பிரித்துப் பாருங்கள்

சிலாங்கூர் மாநிலத்தின் பெஸ்தாரி ஜெயாவில் உள்ள எங்கள் ஆலய நிர்வாகக் குழுவினருக்கும், நாற்றுகளை அன்பளிப்பாகக் கொடுத்திருக்கும் ஊர் மக்களுக்கும் வணக்கம்.

வேலியோரம் பனையும் பாக்கும் தென்னையும் வைக்கப்போகிறோம் என்று நீங்கள் அறிவித்தபோது மகிழ்ந்தவர்களில் நானும் ஒருவன். மண்டபத்துக்குப் பின்னால் வந்து குவிந்திருக்கும் பைகளைப் பார்த்த பிறகு கவலையாகிவிட்டது. பாக்கு என்று வந்தவற்றில் செம்பனை, அதாவது எண்ணெய்ப்பனை, கலந்திருக்கிறது. பனை என்று எழுதி ஒட்டிய பைகளில் பல, பனையாக இருக்க வழியே இல்லை.

கொடுத்தவர்களைக் குறை சொல்ல மாட்டேன். மலேசியாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917இல் நமக்குப் பக்கத்துத் தென்னமாரத்தில்தான் தொடங்கியது. அன்றிலிருந்து அந்த மரத்துக்கு நடுவிலேயே நாம் வாழ்கிறோம். எலியும் பறவையும் பழத்தைத் தூக்கிப்போய்ப் போட்ட இடத்திலெல்லாம் அது முளைக்கும். சாக்கடை ஓரத்தையும் விடாது. பச்சையாக, அழகாக நிற்கும் கன்றைப் பார்த்தால் யாருக்கும் பிடுங்கிப் பையில் வைக்கத்தான் தோன்றும்.

சிக்கல் இலையில் இருக்கிறது. செம்பனை நாற்றின் முதல் இலைகள் பிளவில்லாமல் ஈட்டிபோல நீண்டிருக்கும். சில மாதம் கழித்து வரும் இலைகள் நுனியில் இரண்டாகப் பிளந்திருக்கும். ஓலையாகக் கிழிவது அதற்கும் பிறகுதான். பாக்கு நாற்றுக்கோ முதல் இலையே இரண்டாகப் பிளந்துதான் விரியும். ஆகவே செம்பனை நடுப்பருவத்தில் இருக்கும்போது இரண்டையும் பக்கத்தில் வைத்தால் பார்வைக்கு ஒன்றாகவே தெரியும். மேல் இலையைப் பார்க்காதீர்கள், அடியில் இருக்கும் மூத்த இலையைப் பாருங்கள். அது ஒற்றை இலையாக இருந்தால் பாக்கு இல்லை. அடி இலை காய்ந்து உதிர்ந்திருந்தால் மண்ணை விரலால் கிளறுங்கள். செம்பனை விதைக்குக் கறுத்த கெட்டி ஓடு உண்டு, அதில் மூன்று கண்கள் இருக்கும். முளை விதையை ஒட்டியே கிளம்புவதால் ஓடு தண்டின் அடியிலேயே கிடைக்கும்.

தென்னையில் குழப்பமே வராது. காய்தான் கூடவே இருக்கிறதே.

பனைதான் எனக்குப் பெரிய கவலை. பனையின் முதல் இலையும் பிளவில்லாத ஒற்றை இலைதான். விசிறி விரிய ஆண்டுகள் ஆகும். கடைகளில் விற்கும் அலங்கார விசிறிப்பனைகளின் முதல் இலையும் ஏறக்குறைய அப்படியேதான் இருக்கும். இலையை வைத்து இங்கே தீர்ப்புச் சொல்லவே முடியாது, மண்ணுக்குள்தான் பார்க்க வேண்டும். பனங்கொட்டை முளைக்கும்போது முளை நேராக மேலே வராது. கொட்டையிலிருந்து ஒரு தண்டு கீழ்நோக்கி ஆழமாக இறங்கும். அதன் முனையில் கிழங்கு திரளும். அதற்குப் பிறகே இலை மேலே வரும். நம் பாட்டிமார் அவித்து உரித்துக் கொடுத்த பனங்கிழங்கு அதுதான். கிழங்கு இறங்க இடமில்லாத சிறிய பையில், மெல்லிய வேரும் கோலிக்குண்டு அளவு விதையுமாக நிற்கும் நாற்றுக்குப் பனை என்று பெயர் எழுதுவது சரியில்லை. உண்மையான பனங்கன்றாகவே இருந்தாலும், தோண்டி எடுக்கும்போது கிழங்கு அறுந்தால் பிழைப்பது அரிது. அதனால் பனையை நாற்றாக வாங்கவே வேண்டாம். கொட்டையைக் கொண்டுவந்து மரம் நிற்க வேண்டிய இடத்திலேயே ஊன்றுங்கள்.

இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம், பனை காய்க்கப் பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆகும் என்பதே. ஆண் மரம், பெண் மரம் வேறு என்பதும் அப்போதுதான் தெரியும். அத்தனை காலம் தண்ணீர் ஊற்றி வளர்த்தவர்களிடம் போய் இது வேறு மரம் என்று சொல்ல எனக்கு மனம் வராது. நடைபாதையோரம் தவறுதலாக ஒரு செம்பனை நின்றுவிட்டால், மட்டையின் முள்ளும் விழும் பழமும் பிள்ளைகள் ஓடியாடும் இடத்துக்கு ஆகாது.

பைகளில் சில கூந்தற்பனைகளையும் கண்டேன். இலை ஓரம் கடித்துத் துப்பியதுபோல் ஒழுங்கில்லாமல் இருப்பதால் அதை எளிதில் கண்டுபிடித்துவிடலாம். பழச்சாறு தோலில் பட்டால் கடுமையாக அரிக்கும். பாலர் பள்ளிப் பக்கம் அது வேண்டாம்.

மீந்த செம்பனைக் கன்றுகளைச் சொந்த நிலத்தில் வைக்கலாம் என்று சிலர் பேசிக்கொள்கிறார்கள். வேண்டாம். தோட்டத்தில் நிற்பது டூரா, பிசிபெரா என்ற இரண்டு செம்பனை வகைகளையும் கலந்து பெற்ற தெனெரா என்ற வகை. அதன் அடியில் தானாக முளைப்பது தாய்மரம் போலவே இருக்காது. தடித்த ஓடுள்ள டூராவும், பெரும்பாலும் காய்க்காத பிசிபெராவும் அதில் கலந்து வரும். இலையைப் பார்த்துப் பிரிக்க எவராலும் முடியாது. ஓட்டின் தடிமனைத் தீர்மானிக்கும் மரபணுவையே மலேசியச் செம்பனை வாரிய ஆய்வாளர்கள் 2013இல்தான் வெளியிட்டார்கள். நாற்று வேண்டுபவர்கள் வாரியத்தின் உரிமம் பெற்ற நர்சரியில் வாங்கட்டும்.

குழுவினரிடம் நான் கேட்பது இதுதான். நடும் நாளைத் தள்ளிவையுங்கள். தோட்டத்து நர்சரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அம்மாமார்களை அழைத்து உட்கார வையுங்கள். புல்போல் ஒடுங்கிய இலை, முறுக்கிய இலை, விரியாமல் ஒட்டிக்கொண்ட இலை என்று ஆயிரக்கணக்கான பைகளில் கழிவு நாற்றைப் பொறுக்கித் தள்ளிய கண்கள் அவர்களுடையவை. செம்பனையைத் தனியே எடுத்து வைக்க அவர்களைவிடத் தகுதியானவர்கள் இந்த ஊரில் இல்லை. அந்த வேலைக்கு இதுவரை யாரும் அவர்களை மேடையேற்றி மரியாதை செய்ததும் இல்லை. மீதமுள்ள ஒவ்வொரு பையிலும் தாய்மரம் எது, விதை எங்கே எடுத்தது என்று எழுதச் சொல்லுங்கள். எழுத முடியாத பைகளை ஓர் ஓரமாக நிழலில் வைத்து, அடுத்த இலை விரியும்வரை பொறுங்கள்.

பிரிக்கும் நாளைச் சொன்னால், மண்ணைக் கிளறி விதையைத் தேடிக்கொடுக்க நானும் வருகிறேன்.

அன்புடன்,
ஊர்க்காரன் ஒருவன்