விளம்பரப் பக்கத்தைக் கிழிக்காதீர்கள்

ஆசிரியருக்கு,

போர்க்காலத்தில் அரசு விதித்த பொருளாதாரத் தடையால் அச்சுத்தாள் கிடைக்காத தொண்ணூறுகளில், இலங்கையின் வடக்கில் வெளிவந்த பத்திரிகைகளும் சஞ்சிகைகளும் கொப்பித் தாளிலும் நிறத் தாளிலும்கூட அச்சாகின. அவை சில வன்னி வீடுகளில் இன்னும் இருக்கின்றன. ஸ்கான் செய்பவர்கள் பெரும்பாலும் கவிதையையும் கட்டுரையையும் மட்டும் எடுத்துவிட்டு மற்றதை ஒதுக்குகிறார்கள். இது பெரும் இழப்பு. நாடக அறிவித்தல், கடை விளம்பரம், வாசகர் கடிதம், அட்டையிலுள்ள விலை ஆகியவற்றில்தான் 1995இல் யாழ்ப்பாண மக்கள் போரால் பெருமளவில் இடம்பெயர்ந்ததற்கு முந்திய யாழ் நகரமும், பிந்திய கிளிநொச்சியும் மல்லாவியும் எப்படி வாழ்ந்தன என்பது தெரியும். அட்டை முதல் அட்டை வரை, வெற்றுப் பக்கம் உட்பட எடுக்க வேண்டும்.

மெல்லிய தாளில் மறுபக்க எழுத்து ஊடுருவித் தெரியும். பின்னால் கறுப்புத் தாள் வைத்தால் அது மங்கிவிடும். நிறத் தாளைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தால் எழுத்தும் பின்னணியும் ஒன்றாகிவிடும். ஸ்கான் துல்லியம் 300 டிபிஐக்கு (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) குறையாமல், வண்ணத்திலேயே எடுங்கள். இதழைப் பிணைத்துள்ள துருப்பிடித்த ஸ்டேப்பிள் கம்பியை இழுத்தால் தாள் கிழியும். நடுப்பக்கத்தை விரித்து, கம்பியின் மடிந்த கால்களை நிமிர்த்தி, பின்புறமாகக் கழற்றுங்கள். செலோரேப் ஒட்டவே கூடாது: பசை மஞ்சளாகி எழுத்துக்குள் இறங்கிவிடும். லாமினேற் செய்தால் திரும்ப எடுக்கவும் முடியாது. வெள்ளத்தில் நனைந்த இதழை வெயிலில் போடாமல், நிழலில் காற்றாட விடுங்கள். இரண்டு நாள் தாண்டினால் பூஞ்சணம் பிடிக்கும்.

எந்த இதழ் ஏற்கெனவே எண்ணிமமாகியுள்ளது என்பதை ஈழத்துத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் எண்ணிமமாக்கி இணையத்தில் வைக்கும் நூலகம் நிறுவனத்தின் இணையத்தளத்தில் முதலில் பாருங்கள். அங்கே இல்லாத இதழிலிருந்து வேலையைத் தொடங்கலாம்.

வாசகர்,
கிளிநொச்சி