நியூகாசிலிலிருந்து அண்ணனுக்கு: எழுபது வருஷம் கழித்து வந்த கப்

அன்புள்ள அண்ணா,

தம்பி எழுதுவது. நான் நலம். அப்பா, அம்மா, அண்ணி, தங்கச்சி, சின்னவன் எல்லாரும் நலமாக இருக்க வேண்டிக்கொள்கிறேன். கொச்சியில் கரையேறின கையோடு உட்கார்ந்து எழுதியிருக்கிறீர்கள் போல, உங்கள் கடிதத்தை ரெண்டு மூணு தடவை படித்தேன். மாமா படகில் தன் பங்கை விற்கப் போவது, தங்கச்சிக்கு வள்ளவிளையிலிருந்து வந்த சம்பந்தம், அப்பாவின் இருமல், இதற்கெல்லாம் பின்னால் பதில் எழுதுகிறேன். முதலில் சின்னவன். மாவட்ட செலக்‌ஷனில் பேர் வரவில்லை என்று பூட்ஸைக் கூரை மேல் எறிந்துவிட்டான், இனி பந்தே தொடமாட்டேன் என்கிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்கு அடுத்த வரியிலேயே, நியூகாசிலில் இருந்துகொண்டு நியூகாசில் ஃபுட்பால் டீம் லீக் கப் ஜெயித்ததைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லையே என்று என்னைக் கேட்டிருக்கிறீர்கள். ரெண்டுக்கும் சேர்த்துச் சொல்கிறேன், அவனை உட்காரவைத்துப் படித்துக் காட்டுங்கள்.

இந்த ஊரை நீங்கள் ஒரு நாள் பார்க்க வேண்டும் அண்ணா. மைதானம் ஊருக்கு வெளியே எங்கோ கிடையாது, ஊர் நடுவில் மேட்டில் நிற்கிறது. எந்தத் தெருவில் நடந்தாலும் தலையைத் தூக்கினால் செயின்ட் ஜேம்ஸ் பார்க்தான். 52,000 பேர் உட்காரலாம், மேட்ச் அன்று ஒரு இடம் காலி இருக்காது. நான் ராத்திரி ஷிப்ட் முடிந்து தூங்கிக்கொண்டிருந்தாலும் கோல் விழுந்தால் அந்தச் சத்தம் ஜன்னல் வழியாக வந்துவிடும், யார் அடித்தது என்று மட்டும் போனில் பார்த்துக்கொள்வேன்.

இவ்வளவு பைத்தியமாக இருக்கிற ஊர், இங்கிலாந்துக்குள் ஒரு பெரிய கப்பை இதற்கு முன் கடைசியாக ஜெயித்தது 1955-இல். எஃப்.ஏ. கப், மான்செஸ்டர் சிட்டியை 3-1 என்று அடித்தார்கள். அப்புறம் 1969-இல் ஐரோப்பாவில் ஃபேர்ஸ் கப். அதோடு சரி. நடுவில் ஆலன் ஷியரர் மாதிரி ஆள் 206 கோல் அடித்தும் ஒரு கப் வரவில்லை. 2023-இல் லீக் கப் ஃபைனல் வரைக்கும் போய் மான்செஸ்டர் யுனைடெட்டிடம் 2-0 என்று தோற்றுத் திரும்பினார்கள்.

போன வருஷம் எழுதினேனே, பக்கத்து வீட்டுத் தாத்தா, அவருக்கு 1969 நினைவிருக்கிறது, அப்போது பள்ளிக்கூடப் பையன். 1955 அவருடைய அப்பா பார்த்தது. குப்பைத் தொட்டியைத் தெருவில் வைக்க வரும்போதுகூடக் கழுத்தில் கறுப்பு வெள்ளைத் துண்டு இருக்கும். வீட்டுக்குள் சிவப்பு நிறத்தில் ஒரு சாமான் கிடையாது, சிவப்பு பக்கத்து ஊர் எதிரி டீம் சண்டர்லேண்டின் நிறம். நான் வந்த புதிதில் சிவப்பு ஜாக்கெட் போட்டுக்கொண்டு அவர் வாசலில் நின்றேன். ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்த் தன்னுடைய பழைய கறுப்புக் கோட்டைக் கொண்டுவந்து கையில் கொடுத்துவிட்டார். நல்ல கனமான கோட்டு. அம்மாவிடம் சொல்லுங்கள், குளிருக்கு அதுவே போதும், புதிதாக ஒன்றும் வாங்க வேண்டியதில்லை. இங்கே குளிர் என்பது பனி இல்லை, வடகடல் காற்றுதான். மே மாசக் கடைசியிலும் காதை அறுக்கிறது. ஹீட்டர் சாயங்காலம் கொஞ்ச நேரம் போட்டால் அறை தாங்கும், பழகிவிட்டது.

சரி, இந்த 2024-25 சீசனுக்கு வருகிறேன். தொடக்கம் சுமார்தான். டிசம்பர் 7 அன்று பிரென்ட்ஃபோர்டிடம் 4-2 என்று தோற்றபோது லீக்கில் 12-ஆவது இடம். மேனேஜர் எட்டி ஹவ்வை மாற்ற வேண்டும் என்று பஸ்ஸில்கூடப் பேசினார்கள். அதற்கு அடுத்த வாரம் லெஸ்டரை 4-0, அங்கிருந்து லீக்கும் கப்பும் சேர்த்து வரிசையாக ஒன்பது மேட்ச் ஜெயித்தார்கள் அண்ணா. மான்செஸ்டர் யுனைடெட்டை அவர்கள் மைதானத்திலேயே 2-0. ஐசக் என்ற ஸ்வீடன்காரன் தொடர்ந்து எட்டு லீக் மேட்ச்சில் கோல் போட்டான், சீசன் முடிவில் லீக்கில் மட்டும் 23. பந்து காலுக்கு வருவதற்கு முன்பே எங்கே அடிப்பது என்று முடிவு செய்துவிடுகிற ஆள். சின்னவன் ஸ்ட்ரைக்கர் ஆக வேண்டும் என்றால் இவன் எப்படி ஓடுகிறான் என்று பார்க்கட்டும், அடிப்பதைப் பிறகு பார்க்கலாம்.

லீக் கப் தனி, தோற்றால் வெளியே. அதில் முதல் மேட்ச்சே பெனால்டி வரைக்கும் போனது, நாட்டிங்காம் ஃபாரஸ்டோடு. அடுத்தது விம்பிள்டன். அவர்கள் மைதானம் மழை வெள்ளத்தில் பாழாகிப்போனதால் மேட்ச்சை இங்கே மாற்றினார்கள், தாத்தாவின் கூட்டாளி ஒருவருக்கு வர முடியாமல் அந்த டிக்கெட் எனக்குக் கிடைத்தது. 1-0, ஷேர் என்ற டிஃபெண்டர் அடித்த பெனால்டி. மேட்ச் பெரிய மேட்ச் ஒன்றும் இல்லை. ஆனால் படியேறி மேலே வந்ததும் விளக்கு வெளிச்சத்தில் அந்தப் புல்லைப் பார்த்தேனே, அதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நாம் மணலில் ஆடி வளர்ந்தவர்கள். அப்புறம் செல்சி 2-0, பிரென்ட்ஃபோர்ட் 3-1, அரையிறுதியில் ஆர்செனலை அங்கே 2-0, இங்கே 2-0. எஃப்.ஏ. கப்பில் மட்டும் பிரைட்டனிடம் எக்ஸ்ட்ரா டைமில் வெளியே போனோம். அந்த மேட்ச்சில் நம் ஆள் கார்டன் ரெட் கார்டு வாங்கியதால் ஃபைனலில் ஆட முடியாமல் போனது, ஊரே அன்று சோர்ந்துவிட்டது.

ஃபைனல் மார்ச் 16, வெம்ப்ளியில், லிவர்பூலோடு. அந்த வருஷம் லீக்கை ஜெயித்த டீம் அது. தாத்தா வீட்டில்தான் பார்த்தேன். பாதி நேரம் முடியப்போகும்போது கார்னர். ட்ரிப்பியர் அடித்த பந்து கூட்டத்தைத் தாண்டித் தள்ளி வந்தது, டான் பர்ன் பின்னாலிருந்து ஓடிவந்து, அவ்வளவு தூரத்திலிருந்து ஒரு ஹெட்டர், நேராக மூலைக்கு. தாத்தா கத்துவார் என்று பார்த்தேன், அவர் கையில் இருந்த டீக் கோப்பையை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு ரெண்டு கையையும் முட்டி மேல் வைத்து அழுத்திக்கொண்டார், விரல் எல்லாம் நடுங்கியது. ரெண்டாம் பாதியில் ஐசக் ஒன்று போட்டான். கடைசி நிமிஷத்தில் லிவர்பூலின் கியேசா ஒன்று அடிக்க, முதலில் ஆஃப்சைடு என்றார்கள், பிறகு வீடியோ பார்த்து கோல் என்றார்கள். தாத்தா எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டார். விசில் ஊதினதும் நான்தான் போய்க் கூட்டிவந்தேன். 2-1.

இப்போது சின்னவனுக்குச் சொல்ல வேண்டியது. அந்த டான் பர்ன் இங்கே பக்கத்தில் பிளைத் என்ற துறைமுக ஊர்ப் பையன். சின்ன வயசிலேயே இந்த நியூகாசில் கிளப்பில் சேர்ந்தவன், 11 வயசில் வேண்டாம் என்று வெளியே அனுப்பிவிட்டார்கள். ஒரு கையில் ஒரு விரல் கிடையாது, சிறுவயதில் வேலி ஏறும்போது போனது. சூப்பர் மார்க்கெட்டில் தள்ளுவண்டிகளைச் சேர்த்து அடுக்கும் வேலை பார்த்திருக்கிறான். சின்ன டீம்களில் ஆடி, டார்லிங்டன், ஃபுல்ஹாம், பிரைட்டன் என்று சுற்றி, 2022-இல்தான் சொந்த ஊர் கிளப்புக்குத் திரும்பி வந்தான். ஃபைனலுக்கு ரெண்டு நாள் முன்பு இங்கிலாந்து டீமுக்கு முதல் தடவையாகக் கூப்பிட்டார்கள், அப்போது வயசு 32. செலக்‌ஷனில் உட்கார்ந்திருந்தவர்களுக்குச் சின்னவனின் ஆட்டம் அன்று ஒரு மணி நேரம்தான் தெரிந்திருக்கும். நம் கரையிலேயே இரவிபுத்தன்துறை சூசைராஜ் இந்தியச் சட்டை போட்டு இறங்கவில்லையா? சின்னவனைக் கடலுக்குக் கூட்டிப்போகலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். வேண்டாம் அண்ணா. இன்னும் ரெண்டு வருஷம் மைதானத்தில் விடுங்கள். பூட்ஸ் நான் அனுப்புகிறேன், காசைப் பற்றி யோசிக்காதீர்கள், ஒரு தாளில் அவன் காலை வைத்து வரைந்து போட்டோ எடுத்து அனுப்பினால் போதும்.

மார்ச் 29 அன்று கப்பை ஊர்வலமாகக் கொண்டுவந்தார்கள். டவுன் மூர் என்று ஒரு பெரிய புல்வெளி, அங்கேதான் முடிவு. ஊரில் 3 லட்சம் பேர் கூடினார்கள் என்றார்கள். தாத்தாவுக்கு அவ்வளவு தூரம் நிற்க முடியாது, நான் மட்டும் போனேன். எனக்கு முன்னால் ஒருவர் தன் தம்பியைத் தோளில் தூக்கி வைத்திருந்தார், ரெண்டு பேருக்கும் ஒரே மூக்கு. திருவிழா டூர்னமென்ட் ஃபைனலுக்கு நீங்கள் என்னைத் தோளில் வைத்துக்கொண்டு நின்றீர்களே, கோல் விழுந்ததும் குதித்து என்னை மணலில் போட்டுவிட்டு, அப்புறம் வாயில் இருந்த மண்ணைத் துடைத்துவிட்டீர்களே. அது அப்படியே வந்து நின்றது. பஸ் கடந்து போனது, கேப்டன் புருனோ கப்பைத் தூக்கிக் காட்டினான், எல்லாரும் கத்தினார்கள், எனக்குக் கண்ணீர் நிற்கவில்லை. பக்கத்தில் இருந்த அம்மா ஒருவர் அதைக் கப்புக்கான அழுகை என்று நினைத்துக் கட்டிப்பிடித்துக்கொண்டார். யாரோ ஒருவர் என்னைத் தொட்டு ரொம்ப நாள் ஆகியிருந்தது.

லீவு நாளில் மெட்ரோ ஏறி நார்த் ஷீல்ட்ஸ் மீன் துறைக்குப் போவேன். படகு சின்னதுதான், உங்கள் ஆழ்கடல் படகோடு சேர்த்துப் பேச முடியாது. கோட், ஹாடக், இறால். சுறா இல்லை, சூரை இல்லை. மீனை முள் எடுத்து, மாவில் முக்கிப் பொரித்து, கிழங்கோடு தருகிறார்கள், உப்பும் வினிகரும்தான், மிளகாய் என்ற பேச்சே இல்லை. ஆனால் வலையும் டீசலும் ஐஸும் சேர்ந்த அந்த வாடை நம் வீட்டு வாசலில் வருகிற அதே வாடை. அதற்காகவே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வருவேன். அம்மாவின் மீன்குழம்பு வேண்டும், தேங்காய் அரைத்து, மாங்காய் போட்டு. இங்கே நானும் வைக்கிறேன், அந்த ருசி வரவில்லை.

சீசன் போன ஞாயிறு முடிந்தது. நடுவில் ஹவ் நிமோனியா வந்து ஆஸ்பத்திரியில் இருந்தபோது உதவியாளர்கள் நடத்தி, மான்செஸ்டர் யுனைடெட்டை 4-1, கிறிஸ்டல் பேலஸை 5-0 என்று அடித்தார்கள், ஆஸ்டன் வில்லாவிடம் 4-1 வாங்கினார்கள். கடைசி நாள் எவர்டனிடம் சொந்த மைதானத்தில் 1-0 தோல்வி, ஆனால் அதே நேரம் ஆஸ்டன் வில்லாவும் மான்செஸ்டரில் தோற்றதால் தப்பித்தோம். ரெண்டு பேருக்கும் 66 புள்ளி, கோல் கணக்கில் நமக்கு 5-ஆவது இடம். இந்த வருஷம் ஐரோப்பாவின் பெரிய டீம்கள் ஆடுகிற சாம்பியன்ஸ் லீகில் இங்கிலாந்துக்கு ஐந்து இடம் என்பதால் அதுவும் கிடைத்துவிட்டது. முந்தின நாள்தான் சண்டர்லேண்டும் மேல் டிவிஷனுக்கு வந்தது. தாத்தா மூணு நாளாக அதைத்தான் திட்டிக்கொண்டிருக்கிறார், உள்ளுக்குள் சந்தோஷம்தான் என்று எனக்குத் தெரியும். சண்டை போட ஆள் வேண்டுமே.

இனி வீட்டு விஷயம். ஜூன் 1-இல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கினால் ஜூலை கடைசி வரை நீங்கள் வீட்டில்தானே, நிதானமாக முடிவு செய்யலாம். மாமாவின் பங்கை நாம் எடுப்பது நல்லதுதான், வேறு ஆள் கைக்குப் போனால் படகில் உங்கள் பேச்சு எடுபடாது. ஆனால் அதற்காக வீட்டை அடமானம் வைக்க வேண்டாம். அப்பா வீட்டை நம் ரெண்டு பேர் பேருக்கும் எழுதியிருப்பதால் என் கையெழுத்து வேண்டும் என்று கேட்கிறீர்கள். பவர் எழுதித் தூதரகத்தில் சான்று வாங்கி அனுப்ப முடியும், அனுப்பமாட்டேன் என்று சொல்லவில்லை. பழைய எஞ்சின் கடன் இன்னும் எவ்வளவு நிற்கிறது என்று முதலில் எழுதுங்கள். மாமாவிடம் பாதியை இப்போதும் மீதியைத் தடைக்காலம் முடிந்து ரெண்டு தங்கல் மீன்பிடிக்குப் பிறகும் தருவதாகப் பேசிப் பாருங்கள், நம்மிடம் அவர் பிடிவாதம் பிடிக்கமாட்டார். இந்த மாசப் பணத்தை ரெண்டு தவணையாக அனுப்புகிறேன், இங்கே சம்பளத் தேதி மாறியிருக்கிறது. அம்மாவிடம் இதைச் சொல்ல வேண்டாம்.

தங்கச்சி விஷயத்தில், பையன் குவைத்தில் இருக்கிறான், நல்ல குடும்பம் என்பது சரி. அவள் பி.எட். முடிக்க விடுவார்களா என்று நேராகக் கேளுங்கள். முதலில் அவளிடம் கேளுங்கள். அப்பாவை நாகர்கோவிலுக்குக் கூட்டிப்போய் எக்ஸ்ரே எடுத்தே ஆக வேண்டும், சும்மா இருமல் என்று அவர் சொல்வதைக் கேட்காதீர்கள். ரிப்போர்ட்டையும் வீட்டுப் பத்திரத்தின் நகலையும் சேர்த்து போனில் அனுப்புங்கள். அண்ணிக்கு என் விசாரிப்பு.

அன்புடன்,
தம்பி